ஐந்தடிக் காதல் பாட்டு ஒன்றின் ஓசையைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

ஒரு காதல் கவிதையைப் பாராட்ட வரும் பலர் 'சந்தம் துள்ளுகிறது', 'எதுகை மோனை கொஞ்சுகிறது' என்ற இரண்டு தொடர்களை எப்போதும் கையில் வைத்திருக்கிறார்கள். எதுகை எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று அவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் அடிகளின் இறுதியில் ஒரே ஒலி வரும் இடத்தைத்தான் காட்டுவார்கள். அதற்கு இயைபு என்று வேறு பெயர் உண்டு. சந்தம் என்பதற்கு என்ன பொருள் என்று கேட்டால், பாடுவதற்கு வசதியாக இருப்பது என்று பொத்தாம் பொதுவாகப் பதில் வரும். மரபுக் கவிதையைப் படிக்க விரும்பும் புதியவர்களுக்கு இந்தக் குழப்பம் ஒரு தடையாகவே நிற்கிறது. யாப்பு, அதாவது செய்யுளைக் கட்டும் அளவு முறை, புலவர்களின் தனிச்சொத்து என்று எண்ணிச் சிலர் விலகுகிறார்கள். வேறு சிலர் வாய்பாட்டை மனப்பாடம் செய்து தேர்வெழுதியதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

யாப்பு, தொடை (எதுகை, மோனை போன்ற ஒலியொப்புமை), சொல் மீண்டு வருதல் ஆகிய மூன்றையும் ஒரே பாட்டின் மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கண நூல்கள் சொல்லும் நுட்பங்கள் எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரவில்லை. ஒரு பாட்டைக் கையில் எடுத்து, அதன் ஓசை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் சொல்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் பாட்டு

குறுந்தொகையின் நாற்பதாம் பாட்டு திருமண அழைப்பிதழ்களில்கூட அச்சாகும் அளவுக்குப் புகழ் பெற்றது. அதைப் பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாட்டில் வரும் உவமையையே பெயராக்கிச் செம்புலப்பெயனீரார் என்று அவரை அழைக்கிறோம். சீர் பிரித்து எழுதினால் பாட்டு இப்படி இருக்கும்:

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி யறிதும்
செம்புலப் பெயனீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எந்த முறையில் உறவினர்? நானும் நீயும் எவ்வழியில் ஒருவரையொருவர் அறிந்தோம்? செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரைப் போல, அன்புடைய நெஞ்சங்கள் தாமாகவே கலந்துவிட்டன. முதல் சந்திப்புக்குப் பிறகு, தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அந்த அச்சத்தை அவளுடைய குறிப்பால் உணர்ந்த தலைவன் இதைச் சொல்வதாகப் பழைய குறிப்பு கூறுகிறது. அஞ்சுகிறவளைத் தேற்றும் பேச்சு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஓசைக் கணக்கு எதற்காக என்பது விளங்கும்.

தெருவில் கேட்கும் கட்டு

காலையில் தெருவில் காய்கறி வண்டி வருகிறது. வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே, வருகிறவர் யார் என்று வீட்டுக்குள் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. 'கத்தரி, வெண்டை, அவரைக் காயே…' என்று அவர் கூவும்போது சொற்கள் ஏறத்தாழ ஒரே அளவுள்ள துண்டுகளாக விழுகின்றன. ஒரே முறையில் திரும்பத் திரும்ப வருகின்றன. கடைசிச் சொல் மட்டும் நீண்டு ஓய்கிறது. காய்களின் பெயரை மறுநாள் மாற்றினாலும் கூவலின் வடிவம் மாறுவதில்லை. (இப்போது பல வண்டிகளில் பதிவு செய்த குரல்தான் ஒலிபெருக்கியில் ஓடுகிறது, அதிலும் இந்த வடிவத்தை விட்டுவிடவில்லை.)

அளவொத்த துண்டு, மீண்டு வரும் ஒலி, முடிவைக் காட்டும் இழுப்பு ஆகிய மூன்றையும்தான் செய்யுளிலும் தேடப்போகிறோம். நம் பாட்டு அமைந்திருக்கும் பாவின் ஓசைக்கு அகவலோசை என்று பெயர். அகவுதல் என்றால் கூவி அழைத்தல் என்பதால், இந்த ஒப்புமை தற்செயலாக எடுத்துக்கொண்டது அன்று.

எழுத்திலிருந்து சீர் வரை

செய்யுளின் அளவை எழுத்துகளை எண்ணிக் காண்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அப்படி எண்ணினால் ஒன்றும் தேறாது. 'யாயும்' என்பதில் மூன்று எழுத்துகளும் 'எந்தையும்' என்பதில் ஐந்து எழுத்துகளும் இருக்கின்றன; ஆனால் இரண்டும் ஒரே தகுதியோடு அடியின் தொடக்கத்தில் நிற்கின்றன. எண்ண வேண்டியது அசையை. ஒரே மூச்சில் சேர்ந்து ஒலிக்கும் சிறு ஒலித்துண்டே அசை. ஆங்கிலப் பாட்டில் எந்த இடத்தை அழுத்திச் சொல்கிறோம் என்பதைக் கொண்டு அளவு பார்க்கிறார்கள்; தமிழில் எழுத்து குறிலா நெடிலா, அதை அடுத்துப் புள்ளி வைத்த எழுத்து வருகிறதா என்பதே கணக்கு.

அசை இரண்டு வகைப்படும். தனியாக நிற்கும் குறிலோ நெடிலோ நேரசை ஆகும். குறிலோடு இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்து இணையாக ஒலித்தால் நிரையசை ஆகும். இரண்டிலும் இறுதியில் மெய்யெழுத்து வந்தால் அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் தனியாக எண்ணுவதில்லை. 'யாயும்' என்பதை யா, யும் என்று பிரித்தால் நேர், நேர். 'அறிதும்' என்பதை அறி, தும் என்று பிரித்தால் நிரை, நேர். 'எவ்வழி' என்பதை எவ், வழி என்று பிரித்தால் நேர், நிரை. 'எந்தையும்' என்பதில் மட்டும் ஒரு சிறு சிக்கல் உண்டு. சொல்லின் நடுவில் வரும் ஐகாரம் குறுகி ஒலிப்பதால் 'தை' குறில்போல் நின்று, 'தையும்' என்பது நிரையாகிறது.

அசைகள் சேர்ந்து சீர் ஆகின்றன. சீர்கள் சேர்ந்து அடி ஆகின்றன. சீரைச் சொல்லிப் பழக வாய்பாட்டுச் சொற்கள் இருக்கின்றன: நேர் நேர் தேமா, நிரை நேர் புளிமா, நேர் நிரை கூவிளம், நிரை நிரை கருவிளம். தேமா, புளிமா, கூவிளம் என்று மரப்பெயர்களாக வருவதால் மாணவர்கள் இவற்றைக் கண்டு மிரளத் தேவையில்லை. ஒவ்வொரு பெயரும் தான் குறிக்கும் அசை அமைப்பையே தன் ஒலியில் வைத்திருக்கிறது. தே, மா என்று சொன்னாலே நேர், நேர் வந்துவிடுகிறது.

நம் பாட்டின் முதலடி தேமா, தேமா, தேமா, புளிமா. இரண்டாமடி கூவிளம், கூவிளம், கூவிளம், தேமா. மூன்றாமடி தேமா, தேமா, கூவிளம், புளிமா. நான்காமடி கூவிளம், புளிமா, தேமா. ஐந்தாமடி கூவிளம், தேமா, கூவிளம், புளிமா. மொத்தம் பத்தொன்பது சீர்கள். அத்தனையும் ஈரசைச் சீர்கள். கருவிளம் ஒன்றுகூட இல்லை.

சொல்லும் சீரும் எப்போதும் ஒன்றாக முடிய வேண்டும் என்பதில்லை. 'யாராகியரோ' என்பது யாரா, கியரோ என்றும், 'தாம் கலந்தனவே' என்பது தாங்கலந், தனவே என்றும் உடைந்து நிற்கின்றன. சீர்க்கணக்குக்காகச் சொல் இவ்வாறு பிளவுபடுவதை வகையுளி என்பர். அச்சில் இப்படிப் பார்க்கும் புதியவர்கள் பிழையோ என்று திகைப்பதுண்டு. இந்தப் பிளவு கணக்குப் பார்ப்பதற்காக மட்டுமே. வாய்விட்டுப் படிக்கும்போது சொல்லைச் சேர்த்தே படிக்கலாம்.

இதுவரை பார்த்தது: எழுத்து அசையாகிறது, அசை சீராகிறது, சீர் அடியாகிறது. ஒரு பாட்டைப் பிரித்துப் பார்க்கும் வேலையில் முதல் படி, ஒவ்வொரு அடியிலும் எத்தனை சீர்கள் என்று எழுதிக்கொள்வதே.

குறைந்து வரும் அடி

அப்படி எழுதிக்கொண்டால் 4, 4, 4, 3, 4 என்று வரும். ஈற்றடிக்கு முந்தைய அடியில் மூன்று சீர்களும் மற்ற அடிகளில் நான்கு சீர்களும் வந்து, பாட்டு ஏகாரத்தில் முடிவது நேரிசை ஆசிரியப்பாவுக்கு உரிய அமைப்பு. ஆசிரியப்பாவின் மற்றொரு பெயர்தான் அகவல். குறுந்தொகைப் பாட்டுகள் நான்கடி முதல் எட்டடி வரையிலான அகவல்களாக இருப்பதால், இந்தக் குறைந்த அடியை அந்நூலில் அடிக்கடி சந்திப்போம்.

ஆகவே மூன்று சீர் அடி செம்புலப்பெயனீரார் கண்டுபிடித்த உத்தி அன்று. அவருக்கு முன்பே வகுத்து வைத்த வடிவம். ஆனால் அந்த இடத்தில் எதை வைப்பது என்பது அவருடைய முடிவு. அவர் உவமையை அங்கே வைத்தார். முதல் மூன்று அடிகளில் நான்கு சீருக்குப் பழகிவிட்ட காது, 'போல' என்ற இடத்தில் இன்னொரு சீரை எதிர்பார்க்கிறது. அது வருவதில்லை. அந்த வெற்றிடத்தில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் 'அன்புடை நெஞ்சம்' என்று தொடர முடிகிறது. மழைநீர் மண்ணில் இறங்கும் காட்சி மனத்தில் படிவதற்கான நேரம் யாப்பிலேயே கிடைத்துவிடுகிறது.

ஈற்றடியில் 'தாம்' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். அதை எடுத்துவிட்டால் 'அன்புடை நெஞ்சம் கலந்தனவே' என்று பொருள் முழுமையாகவே நிற்கும். ஆனால் அடி நான்கு சீரை எட்டாது. அதனால் அதை இடத்தை நிரப்ப வந்த சொல் என்று தள்ளிவிடலாமா? தாய்மார் சேர்த்து வைக்கவில்லை, தந்தையர் உறவு தேடிக் கொடுக்கவில்லை, நெஞ்சங்கள் தாமே கலந்தன என்பதுதான் முதல் மூன்று அடிகளின் கேள்விகளுக்கு வரும் பதில். யாப்பு கேட்ட இடத்தில் பொருளுக்கு மிக வேண்டிய சொல்லே வந்து அமர்ந்திருக்கிறது.

மோனை, எதுகை, இயைபு

ஒலி ஒத்து வரும்படி சீர்களையோ அடிகளையோ தொடுப்பது தொடை எனப்படும். முதலெழுத்து ஒத்து வந்தால் மோனை. முதலெழுத்தின் அளவு ஒத்திருக்க, இரண்டாம் எழுத்து ஒத்து வந்தால் எதுகை. இறுதி எழுத்தோ சொல்லோ ஒத்து வந்தால் இயைபு. அளவு ஒத்திருத்தல் என்றால், ஒன்றில் முதலெழுத்து குறிலானால் மற்றதிலும் குறிலாகவும், நெடிலானால் நெடிலாகவும் இருப்பது. மேடைகளில் எதுகை என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இயைபே. திரைப்பாடலும் புதுக்கவிதையும் இயைபை அதிகமாகப் பயன்படுத்துவதால் இந்த மயக்கம் வந்திருக்கலாம்.

நம் பாட்டின் அடிகள் கியரோ, கேளிர், யறிதும், போல, தனவே என்று முடிகின்றன. எந்த இரண்டும் ஒத்துவரவில்லை. அடியிறுதியில் மட்டும் ஒலியொப்புமையைத் தேடிப் பழகியவர் இந்தப் பாட்டில் தொடையே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். தமிழ் மரபில் ஒலி பெரும்பாலும் அடியின் முகப்பில்தான் வேலை செய்கிறது.

முதலடியில் யாயும், ஞாயும் என்ற முதல் இரு சீர்களிலும் முதலெழுத்து நெடில், இரண்டாம் எழுத்து 'யு'. எதுகை நிறைவாக அமைந்திருக்கிறது. இரண்டாமடியில் எந்தையும், நுந்தையும் என்பவற்றில் முதலெழுத்து குறில், இரண்டாம் எழுத்து 'ந்'. அங்கும் நிறைவு. மோனையும் சேர்ந்துகொள்கிறது: முதலடியில் முதல் சீரும் மூன்றாம் சீரும் 'யா' என்று தொடங்குகின்றன; இரண்டாமடியில் அதே இடங்களில் 'எ' வருகிறது. இவ்வாறு முதல் சீரிலும் மூன்றாம் சீரிலும் ஒத்து வருவதைப் பொழிப்பு என்பர்.

மூன்றாமடிக்கு வந்தால் 'யானும் நீயும்'. இரண்டாம் எழுத்து ஒன்றில் 'னு', மற்றதில் 'யு'. எதுகை இல்லை. தாய்மார் இருவரும் ஒலியால் பொருந்துகிறார்கள், தந்தையர் இருவரும் பொருந்துகிறார்கள், காதலர் இருவர் மட்டும் பொருந்தவில்லை! பாட்டின் நடுவில் இப்படி ஓர் இடைவெளி விழுவதைக் கண்டதும் அதற்கு ஆழ்ந்த பொருள் சொல்ல ஆசை வருகிறது. அதற்கு முன் ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். இதைப் பிறகு எடுத்துக்கொள்கிறேன்.

கடைசி இரண்டு அடிகளின் முகப்பில் செம்புலப், அன்புடை என்ற சீர்கள் நிற்கின்றன. இரண்டாம் எழுத்து ஒன்றில் 'ம்', மற்றதில் 'ன்'. ஒரே எழுத்து இல்லை என்றாலும் இரண்டும் மெல்லினம். ஓரினத்து எழுத்துகள் இவ்வாறு ஒத்துவருவதையும் இன எதுகை என்று இலக்கணம் ஏற்றுக்கொள்கிறது. அடுத்த எழுத்து இரண்டிலும் 'பு'. செம்பு, அன்பு என்று சொல்லிப் பார்த்தால் காது உடனே ஒப்புக்கொள்ளும். செந்நிலத்தையும் அன்பையும் பொருளால் இணைப்பது 'போல' என்ற சொல். ஒலியால் இணைப்பது இந்த எதுகை.

சுருக்கமாகச் சொன்னால், மோனையும் எதுகையும் சொற்களின் தலைப்பகுதியில் வருபவை, இயைபு கடைப்பகுதியில் வருவது. நம் பாட்டில் இயைபு இல்லை; முதலிரு அடிகளின் உள்ளேயும், கடைசி இரு அடிகளுக்கு இடையேயும் எதுகை இருக்கிறது.

மீண்டு வருவது: ஓர் 'உம்'

ஒரு சொல் திரும்ப வந்தால் அது புலவரின் சொல்வறுமை என்று எண்ணுவது இன்னொரு தவறான கருத்து. இந்தப் பாட்டில் அதிகமாகத் திரும்ப வருவது ஒரு முழுச்சொல்கூட அன்று. 'உம்' என்ற இடைச்சொல். யாயும், ஞாயும், எந்தையும், நுந்தையும், யானும், நீயும் என்று ஆறு முறை வருகிறது. தனித்தனியாக நிற்பவற்றை எண்ணிச் சேர்ப்பது இதன் வேலை. எண்ணும்மை என்பது இலக்கணப் பெயர். எத்தனை முறை சேர்த்தாலும் சேர்க்கப்படுபவை இரண்டாகவே இருக்கும். 'யானும் நீயும்' என்று சொல்லும் வரை இருவர் இருக்கிறார்கள்.

மூன்றாமடியின் கடைசிச் சொல் 'அறிதும்'. காதுக்கு அது ஏழாவது 'உம்' போலக் கேட்கிறது. ஆனால் இது எண்ணும்மை அன்று. 'தும்' என்பது தன்மைப் பன்மை வினைமுற்று விகுதி. 'நாம்' என்ற பொருளைத் தருவது. ஆறு முறை இரண்டு பேரை எண்ணிக் காட்டிய அதே ஒலி, ஏழாவது முறை வரும்போது இருவரையும் ஒரே வினைக்குள் அடக்கிவிடுகிறது. அதன் பிறகு நான்காம், ஐந்தாம் அடிகளில் எண்ணும்மை இல்லை. மண்ணும் நீரும் என்றுகூட அவர் சொல்லவில்லை. 'செம்புலப் பெயனீர்' என்று ஒரே தொகைச்சொல்லாகச் சொல்லிவிட்டார்.

சொல்மட்டுமின்றி அமைப்பும் மீண்டு வருகிறது. முதல் மூன்று அடிகளிலும் முதலிரு சீர்கள் ஒரு சோடியைச் சொல்கின்றன; மூன்றாம் சீரில் கேள்வி வருகிறது. யார், எம்முறை, எவ்வழி ஆகிய வினாக்கள் மூன்றும் மூன்றாம் சீரிலேயே அமைந்திருப்பதை ஒரு பென்சிலால் கோடிட்டுப் பார்த்தால் நேர்க்குத்தாக ஒரு வரிசை தெரியும். மூன்று முறை ஒரே வார்ப்பில் கேள்வி கேட்டுப் பழக்கிவிட்டு, நான்காமடியில் அந்த வார்ப்பை விட்டுவிடுவதால்தான் அதற்குப் பதில்போல ஒலிக்கும் தன்மை வருகிறது.

எவ்வளவு தூரம் பொருள் சொல்லலாம்?

தள்ளி வைத்த கேள்விக்கு வருவோம். யானும் நீயும் எதுகையால் பொருந்தாததற்குக் காதலர் அந்நியர் என்பதுதான் காரணமா? யாய், ஞாய், எந்தை, நுந்தை ஆகியவை பழந்தமிழின் உறவுப்பெயர்கள். என் தாய், உன் தாய் என்பவற்றைச் சொல்ல அன்றைய மொழி வைத்திருந்த சொற்களே ஒலியொப்புமையோடு இருந்தன. யான், நீ என்ற சொற்களுக்கு அந்த ஒப்புமை மொழியிலேயே இல்லை. எனவே எதுகை வந்ததற்கும் வராததற்கும் முதல் காரணம் மொழிதான். புலவர் செய்தது, இயல்பாகவே ஒத்தொலிக்கும் சோடிகளை முதலில் வைத்து, ஒத்தொலிக்காத சோடியைக் கடைசியில் வைத்தது. அந்த வரிசையின் விளைவை வாசகர் உணரலாம், எடுத்துச் சொல்லலாம். புலவர் இதைத் திட்டமிட்டார் என்று சாதிக்க மட்டும் இடமில்லை.

இந்த எச்சரிக்கையை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஓசை ஆய்வு என்ற பெயரில் எழுதப்படும் பலவற்றில், வல்லினம் வந்தால் சினம், மெல்லினம் வந்தால் காதல் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டுக்கும் ஒட்டிவிடுகிறார்கள். எழுத்துக்கு அப்படி நிலையான உணர்ச்சி எதுவும் கிடையாது. ஒரு பாட்டு தனக்குள்ளேயே ஒரு பழக்கத்தை ஏற்படுத்தி, பிறகு அதிலிருந்து எங்கே விலகுகிறது என்று பார்ப்பதே பயன் தரும்.

வேறொரு பாட்டில் சோதித்துப் பார்த்தல்

ஒரு பாட்டில் எந்த அடுக்கு என்ன வேலை செய்கிறது என்று அறிய எளிய வழி, ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதே அளவுள்ள வேறு சொல்லை வைத்துப் பார்ப்பது. திருக்குறளின் காமத்துப்பாலில் வரும் 1094ஆம் குறள் இதற்கு வசதியானது:

யான்நோக்கும் காலை நிலன்நோக்கும் நோக்காக்கால்
தான்நோக்கி மெல்ல நகும்

இது வெண்பா. அகவலைவிடக் கட்டுப்பாடு மிகுந்த பா. ஒரு சீர் எப்படி முடிந்தால் அடுத்த சீர் எப்படித் தொடங்க வேண்டும் என்பது வரை விதி உண்டு. ஈற்றடி மூன்று சீர். கடைசிச் சீர் இங்கே ஒரே அசை: நகும். எதுகையை அடிகளின் முகப்பில் காணலாம்: யான், தான். பேசும் காதலனைக் குறிக்கும் சொல் முதலடியின் தலையிலும், காதலியைக் குறிக்கும் சொல் இரண்டாமடியின் தலையிலும் நிற்கின்றன. 'நோக்கு' நான்கு முறை வருகிறது: அவன் நோக்குகிறான், அவள் நிலத்தை நோக்குகிறாள், அவன் நோக்காதிருக்கிறான், அவள் நோக்குகிறாள். ஒரே சொல் ஒரே பொருளில் மீண்டும் மீண்டும் வருவதைச் சொற்பொருள் பின்வருநிலையணி என்பர்.

இப்போது நடுவில் இருக்கும் இரண்டு சொற்களை மட்டும் மாற்றிப் பார்ப்போம்: 'யான்நோக்கும் காலை நிலம்பார்க்கும் காணாக்கால், தான்நோக்கி மெல்ல நகும்.' அசை பிரித்துப் பார்த்தால் யாப்பு அப்படியே இருக்கிறது. வெண்பாவின் விதி எதுவும் மீறப்படவில்லை. யான், தான் என்ற எதுகையும் இருக்கிறது. பொருளும் ஏறக்குறைய அதுவே. ஆனால் அவனுடைய நோக்கும் அவளுடைய நோக்கும் ஒரே செயல், இருவரும் அதை மாறி மாறிச் செய்கிறார்கள், ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்துக்கொள்கிறார் என்ற உணர்வு போய்விட்டது. அந்த உணர்வைச் சுமந்திருந்தது யாப்பும் அன்று, எதுகையும் அன்று. நான்கு முறை வந்த ஒரே சொல்தான்.